அட்டையில் இல்லாத வரி

ஜனவரி 11

என் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். என் வலது காது கடையைச் சாத்திவிட்டது. இடது காது பாதிக் கதவு திறந்து வைத்திருக்கிறது. நீ போனில் பேசினால் தகரக் கூரையில் மழை பெய்வது போலத்தான் கேட்கிறது. அதனால்தான் எடுப்பதில்லை, கோபித்துக்கொள்ளாதே. கடிதம் என்றால் உன் முழுப் பேச்சும் எனக்கு வந்து சேரும். நீயும் நடுவில் "ம், ம்" என்று தப்பிக்க முடியாது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அண்ணி கேட்கிறாள். பதில் எங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுது.

காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குப் புது நிர்வாகி வந்திருக்கிறார். வந்த அன்றே இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிவந்த பதிவேடுகளை மாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். டிசம்பரோடு அவற்றுக்கு முற்றுப்புள்ளி. இனி எல்லாம் கம்ப்யூட்டர். மேலிடத்திலிருந்து ஓர் அட்டவணை வந்திருக்கிறது, குழந்தைக்கு ஒரு வரி. அதிலிருந்து ஆளுக்கோர் அட்டை அச்சாகும். வளர்க்க யாராவது கேட்டு வந்தால், எந்தப் பிள்ளையை அனுப்புவது என்று முடிவு செய்யும் குழு அந்த அட்டையைத்தான் பார்க்கும்.

பதிவேட்டில் நான் ஒன்று செய்வேன். அக்கா தங்கை, அண்ணன் தம்பி என்று கூடப் பிறந்தவர்கள் வந்தால் இரண்டு வரியையும் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் வளைத்து இணைத்துவிடுவேன். வருடம் மாறி வந்தால் இரண்டு வருடத்துப் பதிவேட்டையும் சேர்த்து நூல் போட்டுக் கட்டிவிடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஜோடியைக்கூடப் பிரித்ததில்லை. இந்த அட்டவணையில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? குறிப்பு என்ற கட்டத்தில் "கீழே உள்ளவள் இவள் தங்கை" என்று அடித்தேன். நிர்வாகி வயது வாரியாக மாற்றினார். அக்கா அறுபத்தோராவது வரிக்குப் போனாள், தங்கை எட்டாவது வரிக்கு. அக்காவுக்குக் கீழே யாரோ ஒரு பையன் நிற்கிறான், கட்டம் அவனைத் தங்கை என்கிறது.

கம்ப்யூட்டர் வேலையில் ஊறியவள் நீ. ஒரு வழி சொல். பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன், இல்லத்து விதி. நீயும் கேட்காதே.

பதிலை எதிர்பார்த்து,
ஒரு காது அண்ணன்

ஜனவரி 29

அன்பு அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். சாப்பிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள். காது டாக்டரிடம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள்.

உங்கள் சிவப்புக் கோடு என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. அட்டவணைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு வரி, ஓர் ஆள். இரண்டு வரிக்கு நடுவில் இருப்பதை வைக்க அதில் இடமே கிடையாது. அடுத்தது, கம்ப்யூட்டருக்குத் தகவல் எழுதிக் கொடுக்க எங்கள் ஆபீஸில் எல்லாரும் புழங்கும் எழுத்துமுறை, ஜேசான். ஆள் பெயர் இல்லை, அண்ணியிடம் எதையாவது கொளுத்திப் போடாதீர்கள். அதில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. கச்சிதம்தான். ஆனால் ஒன்றை மூட மறந்தால் மொத்த ஃபைலையும் முகத்தில் விட்டெறியும். பதிலுக்கு நீங்கள் கம்ப்யூட்டரை விட்டெறிவீர்கள். யாமல் என்று இன்னொன்று. குறிகளே கிடையாது, உள்ளே தள்ளி எழுதினால் அது மேலே இருப்பதற்குச் சொந்தம். உங்கள் கட்டைவிரல் ஒரு தட்டு அதிகம் தட்டினால் ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போய்விடும், கண்ணுக்கும் தெரியாது.

இந்த இரண்டும் எதையும் எதற்காவது கீழே தொங்கவிட்டுத்தான் பழக்கம். பிள்ளையைப் பெற்றவர்களுக்குக் கீழே போடு என்னும். பெற்றவர்கள் யாரென்றே தெரியாத பிள்ளைகளை எதன் கீழே போடுவது? பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்ல முடியாது என்று இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும், அதை நீங்கள் கையால் அடிக்க வேண்டும்.

அதனால் நமக்கென்று ஓர் எழுத்துமுறை செய்துவிட்டேன். பதிவேட்டில் எழுதுவது போலவே எழுதுங்கள்:

12
வயது: ஆறு
உடம்பு: நன்று
கூட: 15

அவ்வளவுதான். "கூட" என்று போட்டால் இருவர் அட்டையிலும் மேலே சிவப்பில் "தனியாக அனுப்பக் கூடாது" என்று அச்சாகும். எந்த வரிசையில் மாற்றினாலும் அது கூடவே போகும். ஆபீஸில் சிரித்தார்கள். "ஊரே ஒரு ரோட்டுல போகுது, உனக்கு மட்டும் ஒத்தையடிப் பாதையா" என்றார் எங்கள் மேலதிகாரி. ரோட்டில் போகிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது என்றேன்.

இன்னொரு விஷயம். என் எழுத்து உங்களைத் திட்டாது. புரியாத வரி வந்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். பயப்படாமல் அடியுங்கள். எல்லாம் இதோடு அனுப்பியிருக்கும் பென்டிரைவிலேயே ஓடும்.

அண்ணிக்கு என் அன்பு.
உங்கள் தங்கை

பிப்ரவரி 20

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

உன் கடிதமும் பென்டிரைவும் பத்திரமாக வந்தன. நாங்கள் நலம். அண்ணிக்கு மட்டும் முழங்கால் தகராறு. ஜேசான் யாரென்று கேட்டு அதையும் மறந்துவிட்டாள்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறது உன் எழுத்து. நான் இரண்டு விரலால் அடிக்கிறவன், நூறு தப்பு செய்கிறவன். ஒரு தடவைகூட முறைக்கவில்லை. மூன்று ஜோடி போட்டேன், ஆறு அட்டையிலும் சிவப்பு. நிர்வாகி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது?" என்றார். "என் தங்கச்சி," என்றேன். சொல்லும்போது இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

அதில் ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். பெரியவளுக்கு ஆறு வயது, டிசம்பரில் வந்தாள். சமையல்காரம்மா அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. அவள் வாய் மூடும்போது நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், காய்ச்சலோ என்று. சின்னவளுக்கு இரண்டரை. இருவரும் பேருந்து நிலையத்தில் ஒன்றாகக் கிடைத்தவர்கள். சின்னவளை மார்ச்சளி என்று நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் ஜனவரியில்தான் இங்கே வந்தாள். பழைய பதிவேட்டில் அவள் இல்லை. அவள் இருப்பது உன் எழுத்தில் மட்டும்தான். வாயாடி எங்கே போனாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதால் அவள் பெயர் வால். அக்காதான் ஊட்ட வேண்டும், அக்காதான் முகம் கழுவ வேண்டும். நேற்று வாயாடி என் மேசைக்கு வந்து, "எங்க ரெண்டு பேர் பேரையும் அதுல எழுதிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு குறை. எல்லாரும் ஒரே ஃபைலில் இருப்பது எனக்கு ஒட்டவில்லை. வருடத்துக்கு ஒரு பதிவேடு என்றுதான் கை பழகியிருக்கிறது. வருடவாரியாகப் பிரித்துத் தர முடியுமா? முடியாவிட்டால் விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பெருமை தாங்காத அண்ணன்

மார்ச் 9

அன்பு அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன், தலைக்கு மேல் வேலை. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது.

பிரித்துவிட்டேன். ஒரு சாயங்கால வேலைதான். இனி வருடத்துக்கு ஒரு ஃபைல், எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஜோடியில் ஒருவர் வேறு வருடத்தில் இருந்தால் வருடத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்: "கூட: 88, சென்ற ஆண்டு". உங்கள் வாயாடிக்கும் வாலுக்கும் அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். புதிய பென்டிரைவ் இதோடு இருக்கிறது.

எங்கள் ஆபீஸ் கூட்டத்தில் இந்த எழுத்தைப் பற்றிப் பேசினேன். சிரித்த மேலதிகாரியே கை தட்டினார். மே மாதம் வெளியூரில் ஒரு பெரிய மாநாடு, அங்கேயும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "தனக்கென ஓர் எழுத்துமுறை ஏன் வேண்டும்" என்பது தலைப்பு. உங்கள் சிவப்புப் பென்சிலில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். அடக்கமாக இருக்க முயற்சி செய்கிறேன் அண்ணா, முடியவில்லை.

அவசரத்தில்,
தங்கை

ஏப்ரல் 17

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

நீ சொன்னபடி காதுக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்று முன்தினம் திரும்பி வந்தேன். வாயாடி இல்லை. பள்ளி வயதுப் பெண் வேண்டும் என்று கேட்ட ஒரு தம்பதியிடம் பதினான்காம் தேதி அனுப்பிவிட்டார்கள். தனியாக.

சமையல்காரம்மா வாசலில் வண்டியை மறித்திருக்கிறாள். "ஐயா, இதுக்குத் தங்கச்சி இருக்கு ஐயா," என்றிருக்கிறாள். நிர்வாகி அட்டையைக் காட்டியிருக்கிறார். அட்டையில் சிவப்பு இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், புதியவர், அவருக்கு அட்டைதான் தெரியும். வால் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாளாம். எழுந்ததும் படுக்கைக்குக் கீழே, குளியலறையில், சமையலறையில் என்று தேடியிருக்கிறாள். இப்போது செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவின் பழைய செருப்பு அங்கே இருக்கிறது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். வரி இருக்கிறது. "கூட: 88, சென்ற ஆண்டு". அந்தப் பக்கமும் இருக்கிறது. பிப்ரவரியில் நானே அச்செடுத்துப் பார்த்தேன், அப்போது சிவப்பு இருந்தது. புது அட்டை அச்சானதும் பழையதை ஆபீஸில் கிழித்துப் போட்டுவிட்டார்கள். நடுவில் மார்ச் கடைசியில் வாலின் எடையைத் திருத்த அந்த இடத்தைத் திறந்தேன். அப்போது என் விரல் எதையோ கெடுத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பெயர்களைக் கத்தரித்துவிட்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் எங்கே தப்பாக அடித்தேன் என்று மட்டும் சொல்.

ஆறு மாதம் கழிந்தால், அக்டோபர் பதினான்கோடு, அனுப்பியது நிரந்தரமாகிவிடும். அதற்குள் குழு மறுபடி கூட வேண்டுமானால், இவர்கள் அக்கா தங்கை என்பது முன்பே பதிவில் இருந்தது என்று காட்ட வேண்டும். "இப்ப ஃபைல்ல இருக்குங்கறீங்க. நேத்து நீங்களே அடிச்சிருக்கலாமே," என்கிறார் நிர்வாகி.

சீக்கிரம் எழுது.
அண்ணன்

மே 30

அன்பு அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நலம். மாநாடு முடிந்து வந்ததில் இருந்து மூச்சு விட நேரமில்லை. இங்கே திடீரென்று வெயில் ஏறிவிட்டது, ஜன்னலோரம் வைத்த செடி வாடிவிட்டது. புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன், இரண்டு நாளில் குதிகாலைக் கடித்துவிட்டது. காது எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்? கருவி ஏதாவது வைத்துக்கொள்ளச் சொன்னாரா? வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். யாருக்கும் கை தவறும் அண்ணா, ஆனைக்கும் அடி சறுக்கும். அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சில சின்னத் திருத்தங்களோடு புது பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். இனி இதைப் பயன்படுத்துங்கள். பழையவை இரண்டும் இனித் தேவைப்படாது, அழித்துவிடலாம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.
தங்கை

ஜூன் 12

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செடியை நிழலுக்கு மாற்று, வேரில் தண்ணீர் ஊற்று, துளிர்க்கும். செருப்பின் குதிகாலில் கொஞ்சம் எண்ணெய் தடவு.

கை தவறியது என்று நீயே பார்த்துச் சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம் போய்விட்டது. நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், பிழை என்னுடையது என்று. அவர் நல்ல மனிதர்தான், வேலையை விட்டு அனுப்பவில்லை. பதிவு மேசையிலிருந்து எடுத்துச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார். போர்வை, சோப்பு, பக்கெட் இவற்றோடு இருக்கிறேன். பதிவு மேசையில் இப்போது ஒரு சின்னப் பெண், பத்து விரலாலும் அடிக்கிறாள். பிழை என்னுடையது என்று நானே எழுதிவிட்டதால் குழு கூட வேண்டியதில்லை என்றும் முடிவாகிவிட்டது.

வால் என்னோடுதான் பகலில் இருக்கிறாள். போர்வை அடுக்கின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இறங்கி ஓடுகிறாள். எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. பிறகு அவளாகவே திரும்பி வருகிறாள். அழுவதில்லை. அழுதால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருக்கும். நான் ஊட்டினால் நான்கு வாய் வாங்குகிறாள், ஐந்தாவதுக்கு உதட்டை மூடிக்கொள்கிறாள்.

இருபத்திரண்டு வருடம் பிரிக்கவில்லை என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். அந்தத் திமிருக்குத்தான் இது. பிள்ளை பெறாதவன் கைக்கு எதற்கு இத்தனை பிள்ளைகளைக் கொடுத்தார்கள் என்று தோன்றுகிறது. உன் எழுத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு நீ வருந்தாதே.

பழைய பென்டிரைவ் இரண்டையும் அழிக்கவில்லை. எதையும் எறிந்து எனக்குப் பழக்கமில்லை. சோப்புப் பெட்டியில் கிடக்கின்றன.

அண்ணன்

ஜூலை 24

நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உன் அண்ணன் நலமாக இல்லை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இருக்கிற அரைக் காதையும் மூடிக்கொள்வார்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. உன்னைத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் குடத்தை உடைத்துவிட்டு, என்னிடம் வந்து பள்ளிக்கூடத்தில் பூனை குட்டி போட்டதைப் பற்றி அரைமணி நேரம் பேசினாய். நீ ஒளிக்கிறபோதெல்லாம் பேச்சு நீளும். மே மாதக் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினார். வெயில், செடி, செருப்பு. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எங்கே தப்பாக அடித்தேன்?" அதற்கு நீ பதில் எழுதவில்லை. யாருக்கும் கை தவறும் என்று எழுதினாய். யாருடைய கை என்று எழுதவில்லை. அவர் அதைத் தன் கை என்று எடுத்துக்கொண்டார், அவர் சுபாவம் அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அவருக்கு வேண்டுமானால் தெரியாமல் போகலாம், பரிமாறுகிறவளுக்குத் தெரியாதா?

வால் என்கிற அந்தக் குழந்தையை நான் போய்ப் பார்த்தேன். என்னையும் மேலும் கீழும் பார்த்தாள். நான் அவள் தேடுகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டாள்.

உன் மேல் எனக்கு அன்பு குறையவில்லை. ஆனால் நீ வாயைத் திறக்காவிட்டால் குறையும். அக்டோபருக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்.

அண்ணி

ஆகஸ்ட் 27

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். கை தவறியது உங்களுடையது அல்ல. என்னுடையது. ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பிரித்துப் பார்த்த பத்தாவது நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் அடித்ததில் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. "கூட: 88, சென்ற ஆண்டு" என்று நான் சொன்னபடியே அடித்திருக்கிறீர்கள். ஃபைலை வருடவாரியாகப் பிரித்த அந்தச் சாயங்காலம், மற்ற வருடத்து ஃபைலையும் திறந்து பார்க்கும் பகுதியை நான் எழுதவில்லை. நாளை எழுதலாம் என்று விட்டேன். மறுநாள் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. பிறகு கை தட்டினார்கள், மறந்தே போனேன். அதனால் உங்கள் வரி வந்ததும் என் புரோகிராம் அந்த எண்ணை இந்த வருடத்து ஃபைலில் மட்டும் தேடியது. கிடைக்கவில்லை. புரியாததைச் சத்தம் போடாமல் தாண்டு என்று நான் சொல்லிவைத்திருந்தேன், தாண்டிவிட்டது. ஜேசானைப் போல அதையும் கறாராகச் செய்திருந்தால் திருப்பி அடித்திருக்கும், நீங்கள் என்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருப்பீர்கள், வாயாடி அங்கே இருந்திருப்பாள். ஊர் போகிற ரோட்டில் அந்தத் தொல்லையும் இருந்தது, அந்தக் காவலும் இருந்தது. நான் தொல்லையை மட்டும்தான் பார்த்தேன். தனி எழுத்து வேண்டும் என்றது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதற்கு வாயில்லாமல் செய்தேனே, அதுதான் தப்பு.

இது அறியாமல் செய்தது. இனி எழுதப் போவது அறிந்து செய்தது. உங்கள் கடிதம் வந்தபோது மாநாட்டுக்கு நான்கு வாரம் இருந்தது. மாநாடு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மேடையில் ஏறி, உங்கள் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு ஜோடியும் பிரியவில்லை என்று சொன்னேன் அண்ணா. அப்போது பிரிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியும். எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால் நான் யார்? அந்தப் பயத்தில்தான் செருப்பைப் பற்றி எழுதினேன்.

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. என் புரோகிராம் தினமும் ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, பூட்டி வைக்கும். யாராலும் பிறகு திருத்த முடியாது. அதைத் திறக்கும் சொல் என்னிடம் மட்டும் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்தே அந்த வரி இருந்தது என்பதற்கு நிர்வாகி கேட்ட அத்தாட்சி அதுதான். அது இருப்பது முதலில் அனுப்பிய பென்டிரைவில். அதைத்தான் அழிக்கச் சொன்னேன். நீங்கள் எதையும் எறியாதவர் என்பதால் பிழைத்தேன்.

திறக்கும் சொல் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. நிர்வாகிக்குத் தனியாக ஒரு கடிதம், பிழை எங்கே, யாருடையது, எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். என் மேலதிகாரியிடமும் மாநாட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். நான் எழுதுவதையெல்லாம் இனி வேறொருவர் சரிபார்ப்பார்.

இதை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். அண்ணி எழுதியும் ஒரு மாதம் ஆகிவிட்டது. அண்ணி எழுதாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கத் தைரியமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தங்கை

செப்டம்பர் 30

தங்கைக்கு,

அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்குக் கருவி வைத்திருக்கிறார்கள், கேட்க வேண்டாததெல்லாம் கேட்கிறது.

உன் கடிதத்தைச் சாமான் அறையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். கோபம் பிழைக்காக இல்லை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒவ்வொரு ராத்திரியும் என் விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ அதைத் தெரிந்துகொண்டே தூங்கினாயே என்றுதான். மன்னித்தேனா என்று கேட்டிருக்கிறாய். எனக்கே இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நிர்வாகியே பூட்டைத் திறந்து பார்த்தார். பிப்ரவரி தேதியிட்ட நகலில் வரி இருந்தது. மறுநாளே குழுவைக் கூட்டினார், இருவரையும் பிரிக்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது. என்னைப் பதிவு மேசைக்குத் திரும்பி வரச் சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணும் இருக்கட்டும், இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்றேன். உன் எழுத்தைத்தான் இன்னும் வைத்திருக்கிறோம். புரியாத வரி வந்தால் இனி அச்சடிக்காமல் நின்று கத்தும்படி மாற்றி அனுப்பு. அதில் நாள் கடத்தாதே.

அந்தத் தம்பதி நேற்று வந்தார்கள். நல்லவர்கள். தங்கை இருப்பது தெரிந்திருந்தால் அன்றே இரண்டு பேரையும் கேட்டிருப்போம் என்று அந்த அம்மா அழுதார். பிறகு ஒன்று சொன்னார். இதை உனக்கு எழுத வேண்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். எழுதுங்கள், நம் வீட்டில் சொல்லாமல் விட்டது போதும் என்றாள்.

போன முதல் நாளிலிருந்தே வாயாடி அவர்களிடம் சொல்லியிருக்கிறாள், எனக்குத் தங்கச்சி இருக்கா, அவளைக் கூட்டிட்டு வாங்க என்று. அவர்கள் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் இல்லை. தனிமையில் குழந்தை கற்பனை செய்கிறது என்று நினைத்து முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு அதட்டியிருக்கிறார்கள். ஒருநாள் அந்த அம்மாவின் கணவர், "பொய் சொல்லக் கூடாதும்மா, கார்டுல அப்படி யாரும் இல்லையே," என்று அட்டையையே அவளிடம் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் தங்கையைப் பற்றிப் பேசவில்லை. மெல்ல மெல்ல வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. நம் வாயாடி, ஐந்து மாதத்தில் கேட்டதற்குத் தலையாட்டுகிற பிள்ளையாகிவிட்டாள்.

வண்டிச் சத்தம் கேட்டு வால் ஓடிப்போய் வாசலில் நின்றாள். வாயாடி இறங்கினாள். வால் அவள் சட்டையை எட்டிப் பிடித்தாள். வாயாடி அவளைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்து, எனக்குக் கருவி இருந்தும் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்:

"இப்ப கார்டுல போட்டாச்சா?"

போட்டாச்சு என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன். எந்த வரி என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் தங்கையைத் தூக்கினாள்.

அண்ணன்